மரியஅந்தோணி கட்டிய படிகள்

எங்கள் வளைவில் போன வருஷம் இரண்டு மனுக்கள் சுற்றின. மரியஅந்தோணியின் ஹோட்டலுக்கு பார் லைசன்ஸ் கொடுக்கவே கூடாது என்று ஒன்று. கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று இன்னொன்று. இரண்டிலும் என் கையெழுத்து இருக்கிறது. கடைக்காரன் வேறென்ன செய்வான், நீங்களே சொல்லுங்கள். கூடாது என்று கொண்டுவந்த தபித்தாள் டீச்சர் பல வருஷமாக என்னிடம் மளிகை வாங்குகிறவர். வேண்டும் என்று கொண்டுவந்த மரியஅந்தோணி பக்கத்துச் சுவர்க்காரர். என் கடை முட்டையும் வெங்காயமும் அவர் அடுப்புக்குத்தான் போகின்றன. இதில் யாரிடம் பேனாவைத் திருப்பிக் கொடுப்பது? என் வீட்டுக்காரி நசீராவுக்கு மானம் போய்விட்டது. "உங்களுக்கு வெக்கமே இல்லீங்களா?" என்று கேட்டாள். கடை திறந்த அன்றைக்கே அதை மூட்டை கட்டி வைத்துவிட்டேன் என்றேன்.

எனக்குக் குடி ஹராம். அதனால் பஷீர் பாய் நடுநிலை என்று இரண்டு கட்சியும் தாங்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது இவர்களுக்கும், இவர்கள் சொன்னது அவர்களுக்கும் என் கடை வழியாகத்தான் போய் வந்தது. ஆகவே மரியஅந்தோணியின் கதையைச் சொல்ல என்னைவிடத் தோதான ஆள் இங்கே கிடையாது. இருந்தால் கூட்டி வாருங்கள், டீ வாங்கித் தருகிறேன்.

குன்னூரிலிருந்து வெலிங்டன் போகும் வழியில் கற்பூரமரத்து வளைவு என்று கேட்டால் பஸ் கண்டக்டர் இறக்கிவிடுவார். வளைவின் மேல் ரோட்டில் சி.எஸ்.ஐ. சர்ச். கீழ் ரோட்டில் மரியஅந்தோணியின் ஹோட்டலும் என் கடையும். நடுவில் யாரும் கவாத்து வெட்டாமல் மரமாக வளர்ந்துவிட்ட ஒரு துண்டு டீத் தோட்டம். சர்ச் வாசலில் நின்று துப்பினால் ஹோட்டல் தகரத்தில் விழும். துப்பியும் இருக்கிறார்கள். ஆனால் ரோட்டு வழியாக நடந்து வந்தால் வளைவு முழுவதையும் சுற்றிக்கொண்டு வர வேண்டும், மூச்சு வாங்கிவிடும். மலையில் தூரம் என்பது இப்படித்தான், பார்க்க ஒன்று, நடக்க ஒன்று.

மரியஅந்தோணி எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவர். மீசை முளைத்ததும் முளைக்காததுமாக வெலிங்டனில் ஒரு ஆபீசர் மெஸ்ஸில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார். அப்புறம் தட்டு தூக்கினார். அப்புறம் பாரில் நின்றார். நின்றார் என்றால் முப்பது வருஷம் நின்றார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கையுறை, குதிகாலைச் சேர்த்து வைத்த நிற்பு. கர்னல் வந்தால் என்ன ஊற்ற வேண்டும், கர்னல் சம்சாரம் பார்க்காதபோது எவ்வளவு ஊற்ற வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருவனுக்குப் போதும் என்பதை அவன் காதைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். காது சிவந்தால் சோடாவைக் கூட்டி விஸ்கியைக் குறைத்துவிடுவாராம். அவரே குடிப்பது கிறிஸ்துமஸுக்கு இரண்டு பெக், அதுவும் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு.

அந்த மெஸ்ஸில் அவர் மாதிரி சிவிலியன் ஆள் உட்கார முடியாது. அதைப் பற்றிக் கேட்டால் அவருக்குக் கோபம் வராது, சிரிப்புத்தான் வரும். விருந்து நடக்கும்போது மழை வந்தால் புல்வெளியிலிருந்து நாற்காலிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடுவாராம். தனக்கும் அந்த நாற்காலிக்கும் உள்ள சொந்தம் அவ்வளவுதான் என்பார். ரிட்டயர் ஆனதும் வந்த பணத்தையெல்லாம் போட்டு ஹோட்டல் வைத்தார். அதில் முதலில் வாங்கியது அடுப்பு அல்ல, நாற்காலி. நல்ல கைவைத்த நாற்காலி. உட்கார வந்தவன் எழுந்திருக்க மனசு வராமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

கை மணம் நன்றாக இருந்தது. பீஃப் வறுவலும் பரோட்டாவும், சாயங்காலம் மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கால் சூப்பும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வயிறு எரிந்தது. மேலே சர்ச்சில் ஆராதனை முடிந்து அத்தனை ஜனம் பசியோடு வெளியே வருகிறது, வந்து மேல் ரோட்டிலேயே ஜீப் பிடித்து குன்னூர் போய்விடுகிறது. இவர் கத்தோலிக்கர். எங்க மாதா கோயில் பூசை சீக்கிரம் முடிஞ்சிரும், மேல அந்தப் போதகர் பிரசங்கத்துக்குத்தான் நல்லாப் பசி எடுக்கும், அந்தப் பசியை நான் விடமாட்டேன் என்று என்னிடம் சொன்னார். டீத் தோட்டத் துண்டுக்குச் சொந்தக்காரர் கோயமுத்தூரில் இருக்கிறார். அவரைப் போய்ப் பார்த்து, அனுமதி வாங்கி, சர்ச் கேட்டிலிருந்து ஹோட்டல் வாசல் வரைக்கும் நேராகப் படி கட்டினார். மேஸ்திரி ஒருவர், மண் சுமந்தது பாதி இவர். ஒரு பக்கம் பிடித்து இறங்க இரும்புப் பைப். பட்டாளத்துப் பழக்கம் விடுமா, ஒவ்வொரு படியின் ஓரத்துக்கும் சுண்ணாம்பு அடித்தார். அடுத்த ஞாயிறு கடைசி ஆமென் சொல்லி முடிப்பதற்குள் பாதி சபை பரோட்டாக் கல்லைச் சுற்றி நின்றது.

படி என்று ஒன்று இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமா நடப்பார்கள்? கீழ் ரோட்டிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் அரசாங்கத்து டாஸ்மாக் கடை. மேலே குடியிருக்கும் ஆண்களுக்கு, அதில் சபைச் செயலர் பிராங்ளினும் சேர்த்தி, சாயங்காலமானால் உடம்புக்கு நல்லது என்று ஒரு நடை போகும் வழக்கம் உண்டு. அந்த நடை இந்தப் படி வழியாகத்தான் இறங்கும். வாங்கிக்கொண்டு உட்கார இடமில்லை. அதனால் என் கடைக்கு அந்தப் பக்கம் உள்ள சின்னப் பாலத்துக்கு அடியில் போய் நின்றுகொண்டு, மழையில் நனைந்துகொண்டு, அவசர அவசரமாக ஊற்றிக்கொள்வார்கள். காலி பாட்டிலை டாஸ்மாக்கில் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று எங்கள் மலையில் திட்டம் வந்ததிலிருந்து பாலத்தடியில் ஒரு கண்ணாடித் துண்டு கிடையாது. அவ்வளவு சுத்தமான குடிகாரர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அந்தப் பாலத்தடியில்தான் ஜெயசீலன் விழுந்தார். தபித்தாள் டீச்சரின் வீட்டுக்காரர். டீ பேக்டரியில் பாய்லர் பார்த்தவர், நல்ல மனுஷன், சம்பளத்தில் பாதியைப் பாட்டிலுக்குக் கொடுத்த மனுஷன். ஒரு ஆடி மாதத்து மழையில் கூட்டாளிகள் எல்லாரும் போன பிறகு தனியாக நின்றவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. விழுந்தவர் விழுந்தபடி கிடந்தார். பனியில் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் பால் வாங்கப் போன மரியஅந்தோணிதான் பார்த்து, தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார். உயிர் தங்கியது. அதற்குப் பிறகு ஜெயசீலன் கட்டிலை விட்டு இறங்கவில்லை, பேச்சும் திரும்பவில்லை. கஞ்சி கொடுத்தால் துப்பிவிடுவார். மரியஅந்தோணியின் ஆட்டுக்கால் சூப் மட்டும்தான் இறங்கும்.

அதனால் தினமும் சாயங்காலம் டீச்சர் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, மூட்டு வலிக்கிற காலோடு, பைப்பைப் பிடித்துப் பிடித்துப் படியில் இறங்கி வருவார். சூப்பை வாங்கிக்கொண்டு, உப்புக் கம்மி என்றோ மிளகு அதிகம் என்றோ ஒரு குறை சொல்லிவிட்டு ஏறிப் போவார். ஒரு நாளும் உள்ளே வந்து உட்கார்ந்தது கிடையாது. ரிட்டயர் ஆன எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சர், பொய் சொன்ன பிள்ளைக்கு உள்ளங்கையில் அடி வைப்பதில் பேர் வாங்கியவர். மரியஅந்தோணி அவருக்கு முன்னால் மெஸ்ஸில் நிற்கிற மாதிரியே குதிகாலைச் சேர்த்துவிடுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில் டூரிஸ்ட் குறைந்தது. இ-பாஸ் வந்தது ஒரு காரணம் என்றார்கள், எதுவோ. வருகிற டூரிஸ்டும் காரை விட்டு இறங்குமுன் கண்ணாடியை இறக்கி "பார் இருக்குதா?" என்று கேட்பான். இல்லை என்றால் கண்ணாடி ஏறிவிடும். மரியஅந்தோணியின் மருமகன் ஷிஜோ கூடலூர்க்காரன், சுறுசுறுப்பானவன், கொஞ்சம் அதிகமாகவே சுறுசுறுப்பானவன். தங்கும் அறை இருந்தால் லைசன்ஸ் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாங்கில் கடன் வாங்கி மாடியில் அறைகள் கட்டினான். அறையில் தங்கியது பெரும்பாலும் பனிதான். லைசன்ஸ் வராவிட்டால் ஹோட்டலை விற்றுத்தான் கடனை அடைக்க வேண்டும் என்கிற நிலைமை வந்துவிட்டது.

லைசன்ஸ் வருவதற்கு முன்னாலேயே மரியஅந்தோணி கவுண்டர் செய்துவிட்டார். அதுதான் அந்த மனுஷனின் குணம். நல்ல சில்வர் ஓக் மரத்தில், இடுப்புக்கு மேல் உயரத்தில், காலை வைத்துக்கொள்ளப் பித்தளைக் கம்பி வைத்து, முன்னால் உயரமான ஸ்டூல்கள் போட்டு. வெள்ளைப் போர்வை போர்த்தி வைத்திருப்பார். யாரும் இல்லாதபோது போர்வையை எடுத்துத் துடைப்பார். பாலத்தடியில் நிற்கிறவன் ஒவ்வொருத்தனையும் கூட்டி வந்து இங்கே உட்கார வைத்து, காது சிவக்குமுன் சோடாவைக் கூட்டி, கையைப் பிடித்துப் படியேற்றி வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. இதைக் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். குடிக்கிறவனுக்குத் தாய்மாமன் வேலை பார்க்கப் போகிறீர்களா என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சர்ச் மாதர் சங்கம் சும்மா இருக்குமா? தபித்தாள் டீச்சர் தலைமையில் மனு எழுதினார்கள், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். ஆண்களும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து செயலர் பிராங்ளின். போட்டுவிட்டு அன்று சாயங்காலம் வழக்கம்போல நடை போனார். மனுவின் நகலை டீச்சர் நேராகவே கொண்டுவந்து மரியஅந்தோணியிடம் கொடுத்தார், ஒரு கையில் மனு, ஒரு கையில் தூக்குப்போசி. அவர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். மனுவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு போசியை உள்ளே அனுப்பினார். மெஸ்ஸில் என்ன சண்டை நடந்தாலும் ராத்திரிச் சாப்பாடு நின்றது கிடையாது என்பார்.

நான் அப்போது அங்கேதான் முட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். போசி திரும்பி வருவதற்குள் மரியஅந்தோணிதான் ஆரம்பித்தார்.

"டீச்சர், அன்னிக்கு அவரு இங்க ஒரு சேர்ல உக்காந்து குடிச்சிருந்தா, விழுந்த அந்த நிமிஷமே நான் தூக்கியிருப்பேனுங்க. ராத்திரி பூரா மழைல கெடந்திருக்க மாட்டாருங்க."

"பாட்டிலே இல்லாம இருந்திருந்தா விழுந்தே இருக்க மாட்டாருங்க, அந்தோணி."

அவ்வளவுதான். சூப் வந்தது. நேற்றைக்கு எலும்பு சரியாக வேகவில்லை என்று சொல்லிவிட்டு டீச்சர் ஏறிப் போனார். ஒரே ஆள் ஒரே இடத்தில் விழுந்ததை வைத்துக்கொண்டு ஒருத்தர் பார் வேண்டும் என்கிறார், ஒருத்தர் வேண்டாம் என்கிறார். இரண்டும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்தை இரண்டிலும் போட்டது தப்பே இல்லை என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாகிவிட்டது.

நேரில் பார்க்க அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. ஷிஜோ விசாரித்துக்கொண்டு வந்தான். சர்ச்சிலிருந்து நூறு மீட்டருக்குள் பார் இருக்கக்கூடாதாம். ஆனால் அந்த நூறு மீட்டரை நேர்கோட்டில் நூல் பிடித்து அளக்க மாட்டார்களாம், ஜனங்கள் வழக்கமாக நடக்கிற வழியில்தான் டேப் பிடிப்பார்களாம். முதலில் அவன் குதித்தான். வளைவு முழுவதும் சுற்றினால் நூறு என்ன, இருநூற்றையும் தாண்டும். அப்புறம் அவன் பார்வை படி மேல் விழுந்தது. படி வழியாக அளந்தால் அறுபது, எழுபதுதான் வரும். பரோட்டா விற்கக் கட்டிய படி பாருக்கு எமனாக நின்றது.

"மாமா, ஸ்டெப்பைப் பொளிச்சுக் களையாம்" என்றான், உடைத்து எறிந்துவிடலாம் என்று. மரியஅந்தோணி சரி என்றார். கட்டிய அதே மேஸ்திரியே கடப்பாரையோடு வந்தார். மேலே இருந்து ஆரம்பித்து ஒரு படியின் ஓரத்தைப் பெயர்த்தும் விட்டார். அதற்குள் சாயங்காலமாகி டீச்சர் போசியோடு வந்து நின்றார். மேஸ்திரியைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார். பெயர்த்த படியைத் தாண்டக் காலை எடுத்து வைத்தார், கால் எட்டவில்லை. மரியஅந்தோணி கீழேயிருந்து ஓடி ஏறி, கையைக் கொடுத்து இறக்கிவிட்டார். மறுநாள் மேஸ்திரி அந்தப் படியைப் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உடைப்பதற்குப் பதிலாக மரியஅந்தோணி மேலே ஒரு சங்கிலி கட்டி, தனியார் வழி, அனுமதி இல்லை என்று போர்டு மாட்டினார். அதற்கப்புறம் நடந்த கூத்துத்தான் கூத்து. தினமும் டீச்சர் வரும் நேரத்துக்கு இவரே மேலே ஏறிப் போய் நின்று, சங்கிலியைக் கழற்றி, டீச்சரை விட்டுவிட்டு, மறுபடி மாட்டுவார். போகும்போதும் அப்படியே. மற்றவர்கள் சங்கிலியைத் தாண்டிக் குதித்துப் போனார்கள். வாட்ச்மேன் போட்டுத் திறந்துவிடுகிற தனியார் வழியை இங்கேதான் பார்க்கிறேன் என்று நான் கிண்டல் செய்தேன். போய் உங்க கடையைப் பாருங்க பாய் என்றார்.

மாதர் சங்கத்துக்கும் விதி தெரிந்துவிட்டது. படிதான் நம் ஆயுதம் என்று அவர்கள் பூரித்துப் போனார்கள். ஜனங்கள் வழக்கமாக அதில் நடக்கிறார்கள் என்று அதிகாரியிடம் நாலு பேர் சாட்சி சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வளாகத்திலேயே கேட்டார்கள், தினமும் படியில் போய் வருகிறவர்கள் யார் யார் கை தூக்குங்கள் என்று. பிராங்ளின் கை பாதி எழுந்தது. பக்கத்தில் இருந்த அவர் சம்சாரம், தினமும் அந்தப் பக்கம் உங்களுக்கு என்ன வேலை என்று மெதுவாகத்தான் கேட்டாராம். கை இறங்கிவிட்டது. அதோடு அந்தச் சபையில் எந்த ஆணும் அப்படி ஒரு படி இருப்பதையே கேள்விப்படாதவன் ஆகிவிட்டான். தேய்த்துத் தேய்த்துப் படியைப் பாதியாக்கிய கால்கள் எல்லாம் அன்றைக்குப் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டன.

அதிகாரி பேர் நல்லசாமி, ஈரோட்டுக்காரர். ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லாய், அதற்கு மேல் ஒரு கோட்டு. மதியமே வருவதாகச் சொன்னவர், பனியில் ஜீப் ஊர்ந்து வந்து சேர சாயங்காலமாகிவிட்டது. சர்வேயர் ஒருவர் டேப்போடு வந்திருந்தார். வளைவே திரண்டு நின்றது. அதிகாரி இரண்டு மனுக்களையும் புரட்டிவிட்டு முதலில் கேட்டது, "இதுல பஷீருங்கறது யாருங்க?" என்றுதான். நான் கை தூக்கினேன். ரெண்டுலயும் இருக்கீங்களே என்றார். எழுதப் படிக்கக் கத்துக் குடுத்த வாத்தியார் நல்லா இருக்கணுமுங்க என்றேன். அவர் டேப்பின் நுனியை என் கையில் கொடுத்தார். இரண்டு கட்சிக்கும் பொதுவான ஆள் பிடித்தால் யாரும் தகராறு செய்ய மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

ரோட்டு வழியாக அளக்க எல்லாரும் சர்ச் கேட்டுக்கு ஏறினோம். அங்கே போனால் சங்கிலி, போர்டு, அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று படி. இது என்ன என்றார் அதிகாரி. ஷிஜோ போர்டைக் காட்டினான். யாரும் இதில் நடப்பதில்லையா என்று அதிகாரி ஆண்கள் பக்கம் திரும்பினார். இல்லீங்க, இல்லீங்க என்று பிராங்ளின் முதற்கொண்டு அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மாதர் சங்கம் பல்லைக் கடித்தது. அதிகாரி குனிந்து படியைத் தடவிப் பார்த்தார்.

"இந்த ஊர்ல நேத்து வெச்ச செருப்புலயே பாசி புடிக்குது. ஆரும் நடக்காத படி எப்படிங்க இப்படி வழவழன்னு இருக்குது?"

"காட்டெருமைங்க சார்" என்றார் பிராங்ளின். "தெனமும் ராத்திரி அதுல எறங்கும்."

"காட்டெருமை பைப்பையும் புடிச்சுட்டுத்தான் எறங்குமுங்களா?"

பைப் பளபளவென்று இருந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான்தான். அதிகாரி இப்போது மாதர் சங்கத்தின் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்கம்மா, இதுல ஆராச்சும் நடக்கறாங்களா என்று தபித்தாள் டீச்சரை நேராகக் கேட்டார். மாதர் சங்கத்துப் பெண்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்குகிறவர்கள், வழக்கமாக என்று அவர்களால் சத்தியம் பண்ண முடியாது. தினமும் நடக்கிற ஒரே பெண் டீச்சர்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் கட்சி ஜெயித்துவிடும்.

டீச்சர் சொல்லவில்லை. சூப்பு நேரமாகிவிட்டதால் தூக்குப்போசியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. லைசன்ஸ் போனால் ஹோட்டல் போகும். ஹோட்டல் போனால் சூப் போகும். ஜெயசீலன் தொண்டையில் இறங்குவது அது ஒன்றுதான். பொய் சொன்ன பிள்ளைகளுக்கெல்லாம் அடி வைத்த டீச்சர், உண்மையும் சொல்ல முடியாமல் பொய்யும் சொல்ல முடியாமல், வாயைத் திறந்து மூடினார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

அதிகாரி மரியஅந்தோணியிடம் வந்தார். "சரிங்க, உங்க படி, நீங்களே சொல்லுங்க. நிரந்தரமா மூடியாச்சுன்னு எழுதிக்கறேன். எழுதினா அப்புறம் தெறக்கக் கூடாதுங்க. இந்த எடத்துல செவுரு எழுப்பிரணும். எழுதிக்கட்டுங்களா?"

ஷிஜோ வேகமாகத் தலையாட்டினான். மரியஅந்தோணி குதிகாலைச் சேர்த்து நின்றுகொண்டிருந்தார். கீழே தகரக் கூரைக்கு அடியில் அவருடைய கவுண்டர் போர்வை போர்த்திக் காத்திருக்கிறது. முப்பது வருஷம் அடுத்தவர் பாரில் நின்றவர், சொந்த பாருக்கு ஒரு 'ம்' சொன்னால் போதும். அந்த மனுஷன் டீச்சரின் கையைப் பார்த்தார், அதிலிருந்த போசியைப் பார்த்தார்.

"மூடலீங்க சார். தெறந்துதான் இருக்குது. சாயங்காலம் டீச்சர் சூப்புக்கு வரணுமுங்க."

சொல்லிவிட்டுப் போய்ச் சங்கிலியைக் கழற்றினார். லைசன்ஸ் கிடைக்காதுங்க என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். தெரியுமுங்க சார் என்றார் இவர். ஷிஜோ தலையில் கையை வைத்துக்கொண்டு முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அறுபத்துச் சொச்சம் வந்தது. எங்களுக்கு முன்னால் டீச்சர் பைப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார், திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஜெயித்த கட்சிக்காரர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மனுவில் கையெழுத்துப் போட்ட ஆண்கள் எல்லாம் எழவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். எதிர்ப்பையும் காட்டியாகிவிட்டது, பாரும் வந்துவிடும் என்று நம்பியிருந்தவர்கள். பிராங்ளின் என்னிடம் வந்து, அந்தோணி இப்படிப் பண்ணுவாருன்னு நெனைக்கலீங்க பாய் என்றார். மழைக்காலம் வருகிறதே, பாலத்தடியில் நிற்க வேண்டுமே என்கிற கவலை.

லைசன்ஸ் இல்லை என்ற உத்தரவு வந்தது. ஹோட்டலை வாங்கத் திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, இந்தப் படியை எடுத்துரலாமில்லீங்க என்பது. மரியஅந்தோணி அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார். ஷிஜோ இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாடி அறைகளை எஸ்டேட் கம்பெனி ஆட்களுக்கு மாச வாடகைக்கு விட்டுவிட்டு வந்து, கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கும் என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் என்ன என்பது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

உத்தரவு வந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் நான் வெங்காய மூட்டையோடு உள்ளே போனேன். கவுண்டர் மேல் போர்வையைக் காணோம். மரம் பளபளவென்று இருந்தது. பின்னால் மரியஅந்தோணி நின்றுகொண்டிருந்தார், பழைய மெஸ் வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கையுறை. என்னண்ணா இது என்று கேட்டேன். "ஒரு நாளாச்சும் நிக்கோணும் பாய்" என்றார். என்னால் கிண்டல் செய்ய முடியவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு ஓரமாக நின்றேன்.

அப்போது டீச்சர் வாசலில் வந்து போசியை நீட்டினார். வாங்க யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார், கவுண்டரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "வந்து உக்காருங்க டீச்சர்" என்றார் மரியஅந்தோணி. டீச்சர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உள்ளே வந்தார். ஸ்டூல் அவர் இடுப்பு உயரம். ஒரு காலைப் பித்தளைக் கம்பியில் வைத்துப் பார்த்தார், மூட்டு ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஒரு பக்கமும், சமையல் செய்கிற அம்மா ஒரு பக்கமுமாகக் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தோம்.

மரியஅந்தோணி தட்டில் துணி விரித்து, அதில் கண்ணாடித் தம்ளர் வைத்து, சூப்பை ஊற்றி, குனிந்து டீச்சர் முன்னால் வைத்தார். தினமும் கட்டிலுக்குக் கொண்டுபோன சூப்பை அன்றைக்குத்தான் டீச்சர் தனக்காகக் குடித்தார். மெதுவாக, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை. உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தம்ளரை வைத்துவிட்டு, இறங்கத் தரையைப் பார்த்தார். தரை வெகு தூரத்தில் இருந்தது.

"மலைக்கே படி கட்டினீங்களே அந்தோணி, இந்த ஸ்டூலுக்கு ஒண்ணு கட்டக் கூடாதுங்களா?"

மரியஅந்தோணி சிரிக்க வாயெடுத்தார், அழுகைதான் வந்தது. கையுறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் நான் கடை திறக்கும்போது மேஸ்திரி சுண்ணாம்பு வாளியோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.